பதினொரு விநாடி எரிமலை

அந்த வீடியோ மொத்தம் பதினொரு விநாடி ஓடும். ஏலக்காய்த் தோட்டத்துச் சரிவு, மழை, மேலே சாலை வளைவில் முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்ட ஒரு குண்டு மனிதர். ஒரு கையில் குடை, மறு கையில் போன். அவர் தொண்டை கிழியக் கத்துகிறார்: "எரிமலை! எரிமலைதான்! ஓடுங்க!" அந்த நேரம் பார்த்துக் காற்றில் குடை மேல்நோக்கி மடங்கிக்கொள்கிறது. வீடியோ முடிந்துவிடுகிறது.

அந்தக் குண்டு மனிதர் நான். தொழில், அரசாங்க ஜியாலஜிஸ்ட். கேரளத்தில் எரிமலை கிடையாது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

ஐம்பத்தாறு வயதில் கேரள அரசு தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். என்னையும் அனுப்பிவிட்டது. போகும்போது என்னை அலுவலக வாட்ஸாப் குழுவிலிருந்து நீக்க மறந்துவிட்டார்கள். போன வாரம் யாரோ அந்த வீடியோவைத் தோண்டியெடுத்துப் போட, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: "சாரே, இது ஏஐ வச்சு உண்டாக்கினதா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். காலம் எவ்வளவு நல்ல வசதிகளைக் கொண்டுவந்திருக்கிறது! ஆனால் அந்தக் குடை என் குடை. அந்தத் தொண்டையும் என்னுடையது. ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கிழக்குப் பாலக்காட்டில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. கோயமுத்தூர்ப் பேச்சு, மலையாள ரேஷன் கார்டு. நான் நிலவியல் முடித்துவிட்டு ஊருக்கு வந்த கோடையில் அப்பா தோட்டத்தில் போர் போட்டார். நூறடி தாண்டியதும் வண்டிக்காரர் எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"ஏனுங்க, உள்ள கருங்கல்லுங்க. தொளைக்கற பிட்டு மொளுக்குன்னு தேஞ்சு போச்சுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "கல்லுக்குன்னே படிச்சுப்போட்டு வந்திருக்கறயல்ல? என்ன கல்லுன்னு சொல்லு பாக்கலாம்."

துகளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு, கனம், பொடி மணி. "டோலரைட்டுங்கப்பா. பூமிக்குள்ள உருகுன பாறைக்குழம்பு விரிசல் வழியா மேல வரப் பாத்திருக்குது. வெளிய வந்திருந்தா எரிமலை. வாரதுக்குள்ள பாதி வழியிலயே ஆறிக் கல்லாயிருச்சு."

அப்பா துகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எரிமலையாக் கெளம்பி ஒண்ணுமாகாமப் போச்சுங்கற. உன்னையாட்டவே."

என் முப்பது வருடப் பணியை இதைவிடச் சுருக்கமாக வேறு யாரும் மதிப்பிட்டதில்லை.

அப்பாவுக்கு அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்லிவிடுகிறேன். பூமிக்கு அடியில் எங்கும் நெருப்புக் கடல் கிடக்கிறது, ஓட்டை போட்டால் பீறிட்டு வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அடியில் இருப்பதில் பெரும்பகுதி கெட்டிப் பாறைதான். சூடு தாராளமாக உண்டு. ஆனால் மேலே இருக்கும் பாரம் அதை உருக விடுவதில்லை. நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடத்தில் பாரம் குறைகிறது, பாறை உருகுகிறது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் கடல்நீர் ஊறிய பாறை கூடவே உள்ளே போகிறது. அந்த ஈரம் சேர்ந்தால் சூடான பாறை சீக்கிரம் இளகிவிடும். இன்னும் சில இடங்களில் ஆழத்திலிருந்து அதிகச் சூடு தூணாக எழும்பி வருகிறது. உருகியது லேசானது, மேலே ஏறும். ஏற ஏற, அதில் கரைந்திருந்த வாயு பிரியும். கோலி சோடாவில் கோலியை அமுக்கியதும் நுரை பொங்குகிறதே, அந்தக் கணக்குதான். குழம்பு ரசம் மாதிரி நீர்த்திருந்தால் வாயு சுலபமாகக் கழன்றுகொள்ளும், குழம்பு வழிந்து ஓடும். ராகிக் களி மாதிரி கெட்டியாக இருந்தால் வாயு உள்ளேயே திணறும், கடைசியில் வெடிக்கும். களி கிண்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துப் பாறைகள் இந்த நாடகமெல்லாம் முடிந்து, கொட்டகையைப் பிரித்து, கழிகளை வண்டியில் ஏற்றிய பிறகு தரையில் மிஞ்சிய குழிகள் மாதிரி. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஆழத்தில் வெந்தவை, மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனதால் இன்று வெளியே தெரிகின்றன. இடுக்கி மலைகள் எத்தனை உயரமானாலும் அவற்றுக்குக் கீழே அடுப்பு எரியவில்லை. இதை நான் முழு நம்பிக்கையோடு சொல்வேன். அந்த முழு நம்பிக்கைதான் பிற்பாடு என்னை அந்தச் சாலை வளைவில் கொண்டுபோய் நிறுத்தியது.

தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, இரண்டு வருடம் பிறர் சுத்தியலைச் சுமந்தேன். பயிற்சிக் காலம் அவ்வளவுதான். மூன்றாம் வருடம் லீலாம்மா மேடத்தின் கீழ் போட்டார்கள்.

மேடம் பேசியது முழுக்க மலையாளம். வசதிக்காகத் தமிழில் தருகிறேன். "எடோ" என்று அவர் கூப்பிடுவதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார்.

களக் குறிப்பேடு எழுத அவரிடம் ஒரு முறை இருந்தது. நோட்டை விரித்தால் இடது பக்கம் கண்டது, கேட்டது, முகர்ந்தது. வலது பக்கம் நினைத்தது. இடது பக்கத்துக்குப் பேனா, வலது பக்கத்துக்குப் பென்சில். திரும்பி வந்து நோட்டை மேசையில் வைத்தால், முதல் வேலையாக ஒரு ஃபைலை எடுத்து வலது பக்கத்தை மூடுவார். இடது பக்கத்தைப் படித்தே அந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், "எடோ, இதில் உன் அபிப்பிராயம்தான் இருக்கிறது. இடத்தைக் காணோம். போய் எடுத்துக்கொண்டு வா" என்பார். பஸ் பிடித்துப் போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

ஆனைகட்டிப் பக்கம் மலைச்சரிவில் தினமும் காலையில் புகை கிளம்புகிறது, எரிமலையாக இருக்குமோ என்று ஒருமுறை மனு வந்தது. போனேன், சாலையிலிருந்தே பார்த்தேன், மூங்கில் தூர் கனன்றுகொண்டிருக்கிறது என்று எழுதினேன். மேடம் ஃபைலால் வலது பக்கத்தை மூடினார்.

"என்ன வாசனை?"

"வாசனையா மேடம்?"

கண்ணாடி கழன்றது. மறுநாள் அதே பஸ், அதே சரிவு. இந்த முறை மூக்கோடு ஏறினேன். பாதி வழியிலேயே குப்பென்று எலுமிச்சை மணம். ஓடைக்கரையில் இரண்டு பேர் தைலப்புல் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டா, கீழே அடுப்பு. எரிமலை பார்க்க வந்தேன் என்றதும் ஒருவர் சிரிக்காமல் சொன்னார்: "வாங்கய்யா, கொஞ்சம் தைலம் பூசிட்டுப் போங்க. முட்டி வலிக்கு நல்லது."

மேடம் அதையும் இடது பக்கத்தில் எழுத வைத்தார்.

இனி சாந்தன்பாறைக்கு வருகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. இடுக்கிக்கு மாற்றலாகியிருந்தேன். மேடம் எங்கள் துறையின் மாவட்டத் தலைமையில் இருந்தார். ஆனி மாத மழை. சாந்தன்பாறைக்கு அப்பால் ஓர் ஏலத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பூமியிலிருந்து புகை வருகிறது, கல் உருகி வழிகிறது என்று தகவல். அங்கிருந்த பதினொரு குடும்பங்களையும் பஞ்சாயத்து மெம்பர் செல்வராஜ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டு நாளாகப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்குகிறார்கள். ஜியாலஜிஸ்ட் வந்து ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம்.

அந்த ஒரு வார்த்தையை ஜீப்பில் ஏறும்போதே தயாராக வைத்திருந்தேன்.

அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு லயத்து முற்றத்தில் இறங்கியபோது பத்து மணி. எனக்கு முன்பே பாதிக் கூட்டம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நின்றது. முன்னால் ஒரு மெலிந்த அம்மாள், தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். பேச்சியம்மாள். தோட்டத்தில் முப்பது வருடமாகக் காய் எடுப்பவர்.

"சார், வெடிக்குமா வெடிக்காதா? அத மட்டும் சொல்லுங்க. என் ஆடு செனையா உள்ள கெடக்கு."

"மொதல்ல பாக்கட்டும்மா," என்றார் மெம்பர்.

"ரெண்டு நாளா எல்லாரும் பாக்காக. ஆட்டுக்கு யாரு தழ போட?"

பின்பக்கம் போனேன். சரிவில் ஒரு மின்கம்பம், அதன் அடியில் ஒரு சாண் அகலக் குழி. அதிலிருந்து வெள்ளைப் புகை. குழியைச் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளப்பாக ஏதோ வழிந்து உறைந்திருந்தது. உடைந்து தள்ளி வந்து கிடந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். குமிழி குமிழியாக, லேசாக இருந்தது. சுற்றிலும் மண்புழுக்கள் வெளியே வந்து செத்துக் கிடந்தன. குடையைக் கம்பத்தின்மேல் சாய்த்துவிட்டு நோட்டை எடுக்கலாம் என்று நினைத்தேன். மழை வலுத்ததால் குடை கையிலேயே இருந்தது. இன்று இதை எழுத நான் மிஞ்சியிருப்பது அந்த மழையால்தான்.

பேச்சியம்மாள் பத்துப் பதினைந்தடி தள்ளியே நின்றுகொண்டார். "அதுக்கு மேல வரமாட்டேன் சார். கிட்டப் போனா காலு சுருக்கு சுருக்குங்குது."

நான் சிரித்தேன். கனிவாகத்தான். "அது பயம்மா."

"பயமா? எனக்கா?" என்று மெம்பரைப் பார்த்தார். "யானைக்கே பயப்படாதவ நான். என்னப் போயி..."

"ராத்திரியில செக்கச் செவேல்னு தெரிஞ்சுது சார்," என்றார் இன்னொருவர். "ரெண்டு நாளா லயத்துல லைட்டும் மினுக்கு மினுக்குங்குது."

சிவப்பைப் பீதியின் கணக்கில் சேர்த்தேன். லைட்டை மழையின் கணக்கில் சேர்த்தேன். புழுக்களைச் சூட்டின் கணக்கில். எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு இருந்தது. கூட்டத்தின் முன் நின்று, எரிமலை எப்படி உருவாகிறது என்று கால் மணி நேரம் பேசினேன். சோடா, ரசம், களி எல்லாம் வந்தது. சொன்னது ஒவ்வொன்றும் சரி. முடிவாகச் சொன்னேன்: "இடி விழுந்து மண்ணு உருகியிருக்கு. உள்ள மரவேர் ஏதோ புகையுது. ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனா அடங்கிப் போகும். எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

கை தட்டினார்கள். அரசுப் பணியில் எனக்குக் கைதட்டல் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

மேடத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். லயத்தில் போனுக்கு ரேஞ்ச் இல்லை. மேலே சாலை வளைவில் கிடைக்கும் என்றார்கள். மூச்சு வாங்க ஏறினேன்.

"எரிமலை இல்லை மேடம். உறுதி செய்துவிட்டேன்."

"எரிமலை இல்லை என்று எனக்கு இங்கே உட்கார்ந்தே தெரியும் எடோ. அதற்கா உன்னை அனுப்பினேன்? இடது பக்கத்தைப் படி."

நோட்டை விரித்தேன். இடது பக்கத்தில் தேதியும் மழையும் இருந்தன. வலது பக்கம் நிரம்பி வழிந்தது. அதுவும் பேனாவில்.

போனில் கண்ணாடி துடைக்கப்படும் சத்தம் கேட்டது போல எனக்கு ஒரு பிரமை.

"எழுதவில்லை. சரி. கண்டதை வாயால் சொல்லு. ஒவ்வொன்றாக. காரணம் சொல்லாமல்."

சொன்னேன். குழி. கறுப்புக் கண்ணாடி. புகை. செத்த மண்புழு.

"மக்கள் என்ன சொன்னார்கள்?"

"ராத்திரி சிவப்பாகத் தெரிந்ததாம். லைட் மினுக்குகிறதாம். ஒரு அம்மாவுக்குக் கிட்டப் போனால் கால் சுருக்கென்கிறதாம்."

"அவர் காலில் செருப்பு உண்டா?"

"இல்லை மேடம்."

"உன் காலில்?"

குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை ரப்பர்.

"பாறையை உருக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும் எடோ. மரவேர் எரிந்தா வரும் அது? இடி ஒரு கணம் விழும், இரண்டு நாள் நின்று எரியுமா? தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா?"

அங்கிருந்து பார்த்தேன். கீழே நின்றபோது குடைக்குள் ஒளிந்திருந்தது எல்லாம் வளைவிலிருந்து படம் போட்ட மாதிரி தெரிந்தது. ஒடிந்த மரக்கிளை ஒன்று மின்கம்பியின்மேல் தொங்குகிறது. கம்பி தன்னைத் தாங்கும் பீங்கானை விட்டு நழுவிக் கம்பத்தின் இரும்பில் சாய்ந்து கிடக்கிறது. அங்கிருந்து எர்த் கம்பி கம்பத்தோடு இறங்கி, நேராக அந்தப் புகைக்குள் போகிறது. அடியில் ஈரம் இறங்காத பாறையும் அரைகுறை மண்ணும் மின்சாரத்தைத் தயங்கித் தயங்கி விட்டதால் ஃபியூஸும் போகவில்லை. இரண்டு நாளாகப் பூமி மின்சார அடுப்புச் சுருளாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. நனைந்த மண்ணில் சுற்றிலும் மின்சாரம் பரவிக் கிடக்கிறது. மண்புழுவுக்குத் தெரிந்திருக்கிறது. செருப்பில்லாத காலுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டம் வாங்கிய காலுக்கு மட்டும் தெரியவில்லை.

அப்போதுதான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். இடுப்பில் நிறைகுடம். லயத்தின் மூலையைச் சுற்றி, வெறுங்காலோடு, புகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் சொன்ன இரண்டு குடத்தில் முதல் குடம்.

"நில்லுங்க! தண்ணி ஊத்தாதீங்க!"

அவர் திரும்பி மேலே பார்த்தார். "நீங்கதான சார் ஊத்தச் சொன்னீக!"

"கரண்ட்டு பாயுது! காலு சுருக்குன்னதே, அது கரண்ட்டும்மா!"

"அது பயம்னீகளே!" என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார். முற்றத்தில் கூட்டம் சிரித்தது. யாரோ போனை என் பக்கம் திருப்பினார்கள். அவர் முன்பு நின்ற இடத்துக்கு இன்னும் ஏழெட்டு அடிதான். இந்த முறை கால் சுருக்கென்றாலும் பயம் என்று எண்ணிக்கொண்டு அதையும் தாண்டிப் போய்விடுவார். அவருக்கு அந்தத் தைரியத்தை ஊட்டியவன் நான்.

சரிவில் ஓடி இறங்கி அவரைப் பிடிக்க என் உடம்புக்கு வழியில்லை. அவர் நம்புகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. கால் மணி நேரம் சொற்பொழிவாற்றி நான் கொன்று புதைத்த வார்த்தை.

"எரிமலை! எரிமலைதான்! ஓடுங்க!"

குடம் விழுந்தது. பேச்சியம்மாள் வந்த வழியே திரும்பி ஓடினார். முற்றமே ஓடியது. அவர்களுக்கு முன்னால் மெம்பர் செல்வராஜ் ஓடினார். காதில் வைத்திருந்த போனில் மேடம் கேட்டார்: "எடோ, இப்போது நீ என்ன சொன்னாய்?"

பிறகு நடந்தது அரை மணி நேர வேலை. லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தினார். புகை தானாகவே இளைத்து நின்றது. மின்சாரம் நின்ற பிறகும் நான் அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வந்து நின்றார்.

"அப்ப எரிமல இல்ல?"

"இல்லம்மா."

"எனக்குப் பயமும் இல்ல?"

"இல்லம்மா. அது கரண்ட்டு. நான் சொன்னது தப்பு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை கம்பூட்ஸில் வந்து நின்றது. "அதக் கழத்திட்டு நின்னுருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்லா?" என்றார். பிறகு ஆட்டுக்குத் தழை போடப் போனார்.

வீடியோ மறுநாள் உள்ளூர் சேனலில் வந்தது. அரசு அதிகாரியே எரிமலை என்று அறிவித்ததாக கலெக்டர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பதிலை நான்கு பக்கம் எழுதி மேடத்திடம் கொண்டுபோனேன். ஃபைலை எடுத்து மூன்றரைப் பக்கத்தை மூடினார். மீதியைப் படித்துவிட்டு, கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: "கூறியது தவறு. கூறிய நேரம் சரி." அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாந்தன்பாறைப் பக்கம் மட்டும் நான் ஓய்வுபெறும் வரை எரிமலை சாராகவே இருந்தேன். கம்பத்தடியில் புகை தெரிந்தால் முதலில் மின்சார ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், தள்ளி நிற்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது என்று நான் போன இடமெல்லாம் சொன்னதை அந்தப் பெயரால்தான் நின்று கேட்டார்கள்.

புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு, ஏஐ இல்லை என்று நேற்று பதில் போட்டேன். கூடவே அந்தப் பழைய நோட்டின் படம் ஒன்றை அனுப்பினேன். விளக்கம் கொண்டுபோன அன்று மேடம் என்னை எதிரில் உட்கார வைத்துப் புதிதாக எழுதச் சொன்ன பக்கம் அது. இடது பக்கம், பேனாவில்: "பேச்சியம்மாள். வெறுங்கால். பத்துப் பதினைந்தடித் தூரத்திலேயே சுருக்கென்கிறது என்றார்." அதற்குக் கீழே: "நான் கம்பூட்ஸ் போட்டிருந்தேன்."

வலது பக்கம் காலி.